ஆற்றலை அளந்த ஜூல்

சென்னை மாநகருக்கு வடக்கே, கடலை அணைந்து கிடப்பது பழவேற்காட்டு ஏரி. தமிழ்நாட்டிலும் ஆந்திர நாட்டிலும் ஒருங்கே பரந்துள்ள இவ்வுவர்நீர்ப் பரப்பு, இந்திய நாட்டு உவர்நீர் ஏரிகளுள் சிலிகா ஏரிக்கு அடுத்த பெருமை உடையது. ஆரணியாறு முதலிய ஆறுகள் நன்னீரைக் கொணர்ந்து சேர்க்க, முகத்துவாரத்தின் வழியே கடல்நீர் வந்து கலக்க, இரண்டும் கூடிய நீரில் இறாலும் நண்டும் மடவையும் பெருகுகின்றன. ஏரிக்கரையிலும், ஏரிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட மணல்மேட்டிலும் மீனவர் குப்பங்கள் பல உள்ளன.

வைகறையிலேயே இக்குப்பங்களில் தொழில் தொடங்கிவிடும். ஏரி ஆழம் குறைந்ததாதலின், தோணி செலுத்துவோர் நீண்ட கழியைத் தரையில் ஊன்றி, உடல் வளையத் தள்ளிச் செல்வர். பாய் விரித்துக் காற்றின் துணைகொண்டு செல்வதும் உண்டு. பொறி பூட்டிய படகில் விரைவோரும் உளர். கடற்கரைப் பக்கத்தில் பெருவலையின் கயிற்றைப் பலர் வரிசையாய் நின்று இழுப்பர். கயிறு பிடிநழுவி விரைந்து ஓடுமாயின், உள்ளங்கை தீப்பட்டாற்போல் எரியும்.

ஏரியில் மீன்பிடிக்கும் இடங்களை இம்மக்கள் தமக்குள் முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் வழக்கம் தொன்றுதொட்டு வருவது. அம்முறைக்குப் ‘பாடு’ என்பது பெயர். உடல் வருந்த உழைப்பதையும் பாடு என்றே தமிழ் மக்கள் வழங்குவர். ஒருவர் தமக்குரிய பாட்டில் வலை வீச வேண்டுமாயின் பாடுபட்டே தீரவேண்டும்.

நாள் முழுதும் பட்ட அப்பாடு எங்கே செல்கின்றது? தோணி கரைசேர்ந்து நின்றவுடன், அதனைத் தள்ளிய உழைப்பு ஒழிந்துபோயிற்றா? கயிறு வழுக்கிய கை சுட்டது எதனால்? இவ்வினாக்களுக்கு விடை ஒன்றே. அவ்விடையை வாயளவில் கூறாமல், எடையிட்டும் அளவிட்டும் உலகம் ஏற்குமாறு நிலைநாட்டிய பெரியார் ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல் என்பவர்.

பிறப்பும் கல்வியும்

இங்கிலாந்து நாட்டில் மான்செஸ்டர் நகரை அடுத்துள்ள சால்ஃபோர்டு என்னும் ஊரில், 1818ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 24ஆம் நாள் ஜூல் பிறந்தார். தந்தையார் பெஞ்சமின் ஜூல், வாற்கோதுமையிலிருந்து பீர் என்னும் மது வடிக்கும் ஆலை ஒன்றை நடத்திவந்த செல்வர். அக்காலத்தில் மான்செஸ்டர் நகரம் பஞ்சாலைகளாலும் நீராவிப் பொறிகளாலும் நிறைந்திருந்தது. நிலக்கரியை எரித்துச் சக்கரத்தைச் சுழற்றும் அப்பொறிகளின் ஓசையைக் கேட்டே ஜூல் வளர்ந்தார் எனலாம்.

இளமையில் அவர் உடல்நலம் குன்றியவர், கூச்சம் மிக்கவர். ஆதலின் பள்ளிக்குச் செல்லாது வீட்டிலேயே கல்வி பயின்றார். 1834ஆம் ஆண்டில், தந்தையார் அவரையும் தமையனாரையும் ஜான் டால்டன் என்னும் அறிஞரிடம் கல்வி கற்க அனுப்பினார். அணுக்கொள்கையை வகுத்துப் புகழ்பெற்ற டால்டன், முதுமையிலும் சிறுவர்க்குக் கணக்குக் கற்பித்து எளிய வாழ்வு வாழ்ந்தவர். அவர் எண்கணக்கையும் வடிவக்கணக்கையும் முதற்கண் பயிற்றினார். 1837ஆம் ஆண்டில் டால்டன் வாதநோய் வாய்ப்பட, அக்கல்வி இடையில் நின்றது. எனினும், எதனையும் அளந்தறிய வேண்டும் என்னும் வேட்கை அம்மாணவர் உள்ளத்தில் வேரூன்றிவிட்டது.

ஜூல் பல்கலைக்கழகம் எதிலும் பயின்றவர் அல்லர். பேராசிரியர் பதவி எதனையும் வகித்தவரும் அல்லர். பகற்பொழுதில் தந்தையாரின் ஆலையை மேற்பார்த்து, எஞ்சிய நேரத்தில் தம் வீட்டிலேயே ஆய்வு நடத்தினார். மது வடிக்கும் தொழிலில் வெப்பநிலை சிறிது பிறழினும் சரக்குக் கெட்டுவிடும். ஆதலின் வெப்பமானியைக் கூர்ந்து நோக்கும் பழக்கம் அவருக்குத் தொழிலோடு தொழிலாய் அமைந்தது. பிற்காலத்தில் அவர் புகழுக்குத் துணைநின்றது அப்பழக்கமே.

வேலை என்பது யாது

மின்கலத்தால் இயங்கும் பொறிகள் அந்நாளில் புதியனவாய்த் தோன்றியிருந்தன. அவை நீராவிப் பொறிகளை அகற்றிவிடும் எனப் பலர் எண்ணினர். ஜூலும் அவ்வாறே எண்ணி, 1838ஆம் ஆண்டளவில் தாமே மின்பொறி ஒன்றைச் செய்து ஆராய்ந்தார். எப்பொறி சிறந்தது என்று அறிய வேண்டுமாயின், பொறி செய்யும் வேலையை அளக்க வேண்டும். அளக்க வேண்டுமாயின், வேலை என்பது இன்னதென வரையறுத்தல் வேண்டும்.

ஒரு பொருளின்மேல் விசை செலுத்த, அப்பொருள் அவ்விசையின் திசையில் நகருமாயின், அங்கே வேலை நிகழ்ந்தது என்பர் இயற்பியலார். விசையின் அளவை, நகர்ந்த தொலைவின் அளவால் பெருக்க வருவது வேலையின் அளவு. ஒரு பவுண்டு எடையை ஓர் அடி உயரம் தூக்குவதை ஓர் அடி-பவுண்டு வேலை என்று அக்காலத்தார் கணக்கிட்டனர்.

பழவேற்காட்டுத் தோணி ஒன்று மணல்திட்டில் தட்டி நின்றுவிட்டது என்று கொள்வோம். நால்வர் இறங்கி மூச்சுப்பிடித்துத் தள்ளுகின்றனர், வியர்வை வழிகின்றது, தோணியோ இம்மியும் அசையவில்லை. அவர்கள் பட்ட துன்பம் பெரிதேயாயினும், இயற்பியற் கணக்கில் தோணியின்மேல் நிகழ்ந்த வேலை ஒன்றும் இல்லை. தோணி ஒரு சாண் நகர்ந்துவிடின், அக்கணமே வேலை நிகழ்ந்துவிட்டது.

மீன்கூடையைத் தலையில் ஏந்திச் சந்தைக்கு நடக்கும் பெண்ணின் நிலை இன்னும் வியப்புடையது. 20 கிலோகிராம் எடையுள்ள கூடையைத் தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரம் தூக்கித் தலையில் வைக்கும்போது, அவள் கூடையின்மேல் வேலை செய்கின்றாள். கூடையைத் தாங்கிச் சமதரையில் சீராக நடக்கும்போதோ, தாங்கும் விசை மேல்நோக்கியும் நடை முன்நோக்கியும் அமைதலின், அத்தாங்கும் விசை வேலை எதுவும் செய்வதில்லை. ஆயின் அவள் களைப்படைவது பொய்யோ எனின், அன்று. அவள் தசைநார்கள் ஓயாது இறுகியும் தளர்ந்தும் உள்ளுக்குள் உழைக்கின்றன; உண்ட உணவின் பயன் செலவாகி உடற்சூடாய் வெளிப்படுகின்றது. அவள் பாடும் கணக்கில் சேர்ந்ததே. அது சேர்ந்த இடம் வேறு.

இவ்வாறு வேலையை அளந்த ஜூல், தம் மின்பொறி நீராவிப் பொறிக்கு ஈடாகாது என்பதைக் கண்டார். மின்கலத்தில் கரையும் ஒரு பவுண்டு துத்தநாகம் தரும் வேலை, ஒரு பவுண்டு நிலக்கரி தரும் வேலையினும் மிகக் குறைவாயிருந்தது; துத்தநாகத்தின் விலையோ மிகுதி. எண்ணியது கைகூடவில்லை என்று அவர் சோர்ந்துவிடவில்லை. செலவில்லாமல் வேலை வாராது என்னும் உண்மையை அத்தோல்வியே அவருக்கு உணர்த்திற்று.

வெப்பம் பற்றிய வினா

மின்னோட்டம் பாயும் கம்பி சூடாவதை ஜூல் அடுத்து ஆராய்ந்தார். மின்னோட்டம் இரு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும். மும்மடங்கானால் ஒன்பது மடங்காகும் என்னும் விதியை 1840ஆம் ஆண்டில் கண்டறிந்தார். அவ்விதி இன்றும் ஜூல் விதி என அவர் பெயராலேயே வழங்குகின்றது. அப்போது அவருக்கு வயது 22கூட நிரம்பவில்லை.

அவ்வெப்பம் எங்கிருந்து வந்தது? வெப்பம் என்பது கண்ணுக்குப் புலனாகாத ஒரு நுண்ணிய பாய்பொருள். அது சூடான பொருளிலிருந்து குளிர்ந்த பொருளுக்குப் பாயுமேயன்றிப் புதிதாய்த் தோன்றுவதும் இல்லை, அழிவதும் இல்லை என்பது அக்காலத்து அறிஞர் பலரின் கொள்கை. பீரங்கிக் குழல்களைக் குடையும்போது வெப்பம் ஓயாது தோன்றுவதைக் கண்ட ரம்ஃபோர்டு என்பார், 1798ஆம் ஆண்டிலேயே அக்கொள்கையை மறுத்திருந்தார். ஆயினும் பழைய கருத்து எளிதில் சாயவில்லை.

ஜூல் கம்பிச்சுருள் ஒன்றை நீரில் அமைத்து, மின்காந்தத்தின் நடுவே சுழலச் செய்தார். சுருளில் மின்னோட்டம் பிறந்தது, நீர் சூடேறிற்று. அங்கே வேறிடத்திலிருந்து வெப்பம் பாய்ந்து வருவதற்கு வழியில்லை. சுழற்றிய வேலையே வெப்பமாயிற்று என்று அவர் தெளிந்தார். இத்தனை வேலைக்கு இத்தனை வெப்பம் எனக் கணக்கும் வகுத்தார். 1843ஆம் ஆண்டு அயர்லாந்தில் உள்ள கார்க் நகரில் கூடிய பிரித்தானிய அறிவியல் மன்றத்தில் அதனை எடுத்துரைத்தார். அவையோர் பெரிதும் வாளாவிருந்தனர். ஆலை நடத்தும் இளைஞர் ஒருவர், வெப்பமானியில் காணும் சிறு மாற்றத்தைக்கொண்டு பெருங்கொள்கையைப் புரட்ட முனைகின்றார் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கலாம்.

ஏறத்தாழ அதே காலத்தில் செருமானியர் ஒருவரும் அதே உண்மையை வேறு வழியில் எட்டியிருந்தார். அவர் ஜூலியஸ் ராபர்ட் மேயர் என்னும் மருத்துவர். முன்னாளில் பழவேற்காட்டில் கெல்திரியா என்னும் கோட்டை கட்டி வாணிகம் நடத்திய டச்சுக்காரர், கிழக்கே சாவகத் தீவையும் ஆண்டனர். 1840ஆம் ஆண்டில் அத்தீவுக்குச் சென்ற டச்சுக் கப்பல் ஒன்றில் மேயர் மருத்துவராய்ப் பணியாற்றினார். மாலுமிகளுக்குச் சிகிச்சை செய்கையில், நாளங்களின் குருதி குளிர்நாட்டில் காண்பதினும் மிகச் சிவந்திருப்பதை அவர் கண்டார். வெப்பநாட்டில் உடற்சூட்டைக் காக்க உணவு எரிவது குறைவு. ஆதலின் குருதியில் உயிர்வளி மிகுந்து நிற்கின்றது என்று எண்ணினார். அவ்வெண்ணம் விரிந்து, உணவும் வெப்பமும் உழைப்பும் ஒன்று மற்றொன்றாய் மாறுவன என்னும் முடிவைத் தந்தது. 1842ஆம் ஆண்டில் அவர் எழுதி வெளியிட்ட கட்டுரையையும் அறிஞர் பொருட்படுத்தவில்லை. புறக்கணிப்பும் குடும்பத் துயரும் தாக்க, மேயர் மனமுடைந்து பல்லாண்டுகள் வருந்தினார்.

நீரைக் கலக்கிய சக்கரம்

உலகம் நம்பவில்லையாயின் மீண்டும் அளப்பதே வழி என்று ஜூல் துணிந்தார். யாவரும் எளிதில் உணரத்தக்க ஆய்வு ஒன்றை வகுத்தார். செம்பினால் ஆகிய கலத்தில் நீரை நிரப்பி, அதனுள் துடுப்புகள் பொருத்திய சக்கரம் ஒன்றை அமைத்தார். சக்கரத்தின் அச்சில் கயிறு சுற்றி, அக்கயிற்றைக் கப்பிகளின்மேல் செலுத்தி, இருபுறமும் ஈயக்கட்டிகளைத் தொங்கவிட்டார். கட்டிகள் இறங்க இறங்கக் கயிறு அவிழ்ந்து, சக்கரம் சுழன்று, துடுப்புகள் நீரைக் கலக்கும். ஈயக்கட்டிகளின் எடையையும் அவை இறங்கிய உயரத்தையும் அறிந்தால், நிகழ்ந்த வேலையின் அளவு தெரியும். நீரில் ஏறிய சூட்டை அறிந்தால், தோன்றிய வெப்பத்தின் அளவு தெரியும்.

இவ்வாய்வு சொல்லுதற்கு எளிது, செய்தற்கு அரிது. 1849ஆம் ஆண்டு ஆய்வில் ஒவ்வொரு கட்டியும் ஏறத்தாழ 29 பவுண்டு எடையுடையது. அது 63 அங்குலம் இறங்கும். மீண்டும் அதனை மேலேற்றி இறக்க வேண்டும். இவ்வாறு 20 முறை இறக்கிய பின்னரும் நீரில் ஏறிய சூடு பாரன்ஹீட் அளவில் அரைப் பாகைக்குச் சற்று மிகுதியே. ஆய்வாளர் அருகில் நின்றால் அவர் உடற்சூடே கணக்கைக் கெடுத்துவிடும். ஆதலின் ஜூல், குளிர்ச்சி மாறாத நிலவறையில் ஆய்வை நடத்தினார். கலத்திற்கும் தமக்கும் இடையே மரத்தட்டி ஒன்றையும் நிறுத்தினார். மான்செஸ்டர் நகரக் கருவியாளர் டான்சர் செய்து தந்த வெப்பமானியில், பாகையின் இருநூற்றில் ஒரு பங்கு மாற்றத்தையும் அவர் கண்ணால் மதிப்பிட்டார். கப்பியின் உராய்வு எவ்வளவு, சுற்றியுள்ள காற்றினால் ஏறிய சூடு எவ்வளவு என்றெல்லாம் தனித்தனியே அளந்து கழித்தார். நீரோடு நில்லாது, பாதரசத்தைக் கலக்கியும் இரும்போடு இரும்பைத் தேய்த்தும் அதே கணக்கைச் சரிபார்த்தார்.

எவ்வழியில் அளப்பினும் விடை ஏறத்தாழ ஒன்றாகவே வந்தது. ஒரு பவுண்டு நீரைப் பாரன்ஹீட் அளவில் ஒரு பாகை சூடேற்றும் வெப்பம், 772 பவுண்டு எடை ஓர் அடி இறங்குவதால் நிகழும் வேலைக்குச் சமம் என்று அவர் முடிவு கண்டார். இக்காலக் கருவிகள் காட்டும் அளவு ஏறத்தாழ 778 ஆகும். நிலவறையில் மெழுகுவர்த்திக் காலத்து மனிதர் கண்ட அளவுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவே.

அவையில் எழுந்த இளைஞர்

இம்முடிவு முதிர்ந்துவந்த காலத்தில், 1847ஆம் ஆண்டு ஜூன் திங்களில் ஆக்ஸ்ஃபோர்டு நகரில் அறிவியல் மன்றம் கூடிற்று. நேரம் குறைவென்று கூறி, அவைத்தலைவர் ஜூலைச் சுருங்கப் பேசுமாறு பணித்தார். அவரும் அவ்வாறே பேசி அமர்ந்தார். அவ்வாண்டும் அவர் சொல் காற்றோடு போயிருக்கும். ஆயின் அவையில் இருந்த இளைஞர் ஒருவர், ஜூல் கூறியதன் அருமையை உணர்ந்து அதுபற்றி ஆர்வத்துடன் வினவினார். வில்லியம் தாம்சன் என்னும் அவ்விளைஞர் அப்போதே கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். பிற்காலத்தில் கெல்வின் பிரபு எனப் பெரும்புகழ் எய்தியவர். முதலில் அவரும் முற்றும் உடன்படவில்லை. எனினும், ஜூலின் அளவைகளைப் புறக்கணிக்க இயலாது என்பதை அவர் அறிந்துகொண்டார்.

அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்களில் ஜூல், அமீலியா கிரைம்ஸ் என்னும் நங்கையை மணந்தார். திருமணம் முடிந்து ஆல்ப்ஸ் மலைப்பகுதிக்குச் சென்ற ஜூலைத் தாம்சன் அங்கே தற்செயலாகச் சந்தித்தார். ஜூலின் கையில் நீண்ட வெப்பமானி ஒன்று இருந்தது என்றும், அருவி வீழும் இடத்தில் நீர் மேலிடத்தினும் சூடாயிருத்தல் வேண்டும் என்று அளக்கவே அவர் அதனைக் கொண்டுசென்றார் என்றும் தாம்சன் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். ஜூலின் கணக்குப்படி 772 அடி வீழும் நீர் ஒரு பாகை சூடேறும். அருவிநீரோ நுரையும் திவலையுமாய்ச் சிதறிக் காற்றில் கலந்தமையின் அளவு சரிவர அமையவில்லை.

1849ஆம் ஆண்டில் ஜூலின் ஆய்வுரையை மைக்கேல் ஃபாரடே, இலண்டன் இராயல் கழகத்தில் அளித்தார். அடுத்த ஆண்டிலேயே அக்கழகம் ஜூலைத் தன் உறுப்பினருள் ஒருவராக ஏற்றது. கார்க் நகர அவை வாளாவிருந்து ஏழாண்டுகள் கழிந்திருந்தன.

ஆற்றல் அழிவதில்லை

வேலை செய்ய வல்லமையே ஆற்றல் எனப்படும். உயர்த்திய ஈயக்கட்டியில் இருப்பது நிலையாற்றல். ஓடும் தோணியிலும் வீசும் காற்றிலும் இருப்பது இயக்க ஆற்றல். நிலக்கரியிலும் எண்ணெயிலும் உணவிலும் வேதியாற்றல் அடங்கியுள்ளது. வெப்பமும் ஒளியும் மின்சாரமும் ஆற்றலின் வேறு வடிவங்களே. ஒரு வடிவம் மறைந்தவிடத்து, அதே அளவு ஆற்றல் பிறிதொரு வடிவில் தோன்றும். இல்லாததிலிருந்து ஆற்றலைப் படைத்தலும் இயலாது. உள்ள ஆற்றலை ஒன்றுமில்லாது ஆக்கலும் இயலாது. இதனை ஆற்றல் அழியா விதி என்பர். ஜூலும் மேயரும், 1847ஆம் ஆண்டில் இதனை விரிவாக எழுதிய எல்ம்ஹோல்ட்ஸ் என்னும் செருமானிய அறிஞரும் இவ்விதியை நிறுவியோருள் தலையானவர்.

இனிப் பழவேற்காட்டுத் தோணியின் கணக்கைப் பார்க்கலாம். கதிரவன் ஒளியை ஏரிநீரில் உள்ள நுண்பாசிகள் ஏற்று வளர்கின்றன. அவற்றைச் சிற்றுயிர்கள் உண்கின்றன. சிற்றுயிர்களை மீன் உண்கின்றது. மீனை மனிதர் உண்கின்றனர். அவ்வுணவின் ஆற்றல் தசையில் உழைப்பாகிக் கழியைத் தள்ளுகின்றது. கழி தோணியை ஓட்டுகின்றது. தோணி நீரை அலைக்கின்றது. அலை அடங்கும்போது அவ்வாற்றல் முழுதும் வெப்பமாய் நீரில் கலந்துவிடுகின்றது. ஏரி பெரிதாதலின் அச்சூடு எவருக்கும் புலனாவதில்லை. ஜூலின் செப்புக்கலம் சிறிதாதலின் புலனாயிற்று. கயிறு வழுக்கிய உள்ளங்கையும் அத்தகைய சிறுகலமே. இழுவிசை உராய்ந்து வெப்பமாய் மாறியதை அது உடனே உணர்ந்துவிட்டது.

தோணியைத் தள்ளிய பாடு அழியவில்லை என்பது இதனால் விளங்கும். ஆயினும் ஏரியில் பரவிய அவ்வெப்பத்தை மீட்டு மீண்டும் தோணி ஓட்டுதல் இயலாது. ஆற்றல் அழியாதெனினும், பயன்கொள்ள இயலாத நிலையை அடைந்துவிடும் என்பதைத் தாம்சன் பின்னர்த் தெளிவுறுத்தினார். எண்ணெயையும் மின்சாரத்தையும் சிக்கனமாய்ச் செலவிட வேண்டும் என்பது இதனாலேயாம்.

திறன்

ஒரே அளவான இரு வலைகளை இரு கூட்டத்தார் ஒரே தொலைவு இழுக்கின்றனர். ஒரு கூட்டத்தார் அரைமணியில் முடிக்க, மற்றவர்க்கு ஒருமணி ஆகின்றது. இரு கூட்டத்தாரும் செய்த வேலை ஒன்றே. ஆயினும் முதற் கூட்டத்தாரின் திறன் இருமடங்கு. ஒரு நொடியில் செய்யும் வேலையின் அளவே திறன் எனப்படும்.

நீராவிப் பொறியைச் சீர்திருத்திய ஜேம்ஸ் வாட் என்பார், தம் பொறி எத்தனை குதிரைக்கு ஈடாகும் எனக் காட்டும்பொருட்டுக் குதிரைத்திறன் என்னும் அளவை வகுத்தார். ஒரு நிமிடத்தில் 33,000 பவுண்டு எடையை ஓர் அடி உயர்த்துவது ஒரு குதிரைத்திறன். வாட் 1819ஆம் ஆண்டில், ஜூல் எட்டுத் திங்கள் குழந்தையாய் இருந்தபோது மறைந்தார். இக்காலத்தில் திறனை வாட் என்னும் அவர் பெயராலும், வேலையையும் ஆற்றலையும் ஜூல் என்னும் பெயராலும் அளக்கின்றனர். 100 கிராம் எடையை ஒரு மீட்டர் உயர்த்தினால் ஏறத்தாழ ஒரு ஜூல் வேலை நிகழும். ஒரு நொடிக்கு ஒரு ஜூல் வேலை செய்தால் அது ஒரு வாட் திறன். ஒரு குதிரைத்திறன் ஏறத்தாழ 746 வாட்.

முன்னர்க் கூறிய 20 கிலோகிராம் மீன்கூடையை ஒன்றரை மீட்டர் உயர்த்த வேண்டும் வேலை 294 ஜூல். அதனை மூன்று நொடியில் தூக்கினால் திறன் 98 வாட். ஒரே நொடியில் தூக்கினால் 294 வாட். உடல்வலி மிக்க ஒருவரும் நெடுநேரம் ஓயாது உழைப்பின், குதிரைத்திறனில் பத்தில் ஒரு பங்களவே இயலும். ஆதலின் 10 குதிரைத்திறன் கொண்ட படகுப்பொறி ஏறத்தாழ நூறு பேர் உழைப்புக்கு ஈடாகின்றது. வீட்டு மின்கட்டணத்தில் ஓர் அலகு என்பது, 1,000 வாட் திறனுள்ள கருவி ஒருமணி நேரம் உண்ணும் ஆற்றல். அது 36 இலட்சம் ஜூல்.

பிற்கால வாழ்வு

ஜூலும் தாம்சனும் 1852 முதல் பத்தாண்டுகள் ஒருங்கே ஆய்வு நிகழ்த்தினர். அழுத்தத்தில் உள்ள வளி, நுண்துளைகளின் வழியே வெளிப்பட்டு விரியும்போது பெரும்பாலும் குளிர்வதை அவர்கள் கண்டனர். காற்றைக் குளிர்வித்து நீர்மமாக்கும் பிற்காலத் தொழிலுக்கு இதுவே அடிப்படையாயிற்று. ஒருவர் கைத்திறனும் மற்றவர் கணிதத்திறனும் மிக்கவர். இருவரும் ஒருவர்க்கொருவர் துணையாயினர்.

துயரமும் ஜூலை விடவில்லை. 1854ஆம் ஆண்டில் மனைவியார் இரு குழந்தைகளை விட்டு இறந்தார். அவ்வாண்டிலேயே ஆலையும் விற்கப்பட்டது. பின்னாளில் செல்வம் சுருங்கிற்று. 1878ஆம் ஆண்டில் அரசினர் ஆண்டுதோறும் 200 பவுன் உதவித்தொகை அளித்தனர். அவ்வாண்டிலும் அவர் தம் பழைய ஆய்வை மேலும் செப்பமாய்ச் செய்து, 772.55 என்னும் அளவை வெளியிட்டார். ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகள் ஓர் எண்ணைத் திருத்தித் திருத்தி மெய்ம்மைக்கு அணித்தாய்க் கொணர்ந்த விடாமுயற்சி அவருடையது.

இராயல் கழகம் தன் உயரிய கோப்லி பதக்கத்தை 1870ஆம் ஆண்டில் ஜூலுக்கு வழங்கிற்று. அடுத்த ஆண்டில் அப்பதக்கம் மேயரைத் தேடிச் சென்றது. முதலில் கண்டவர் யார் என்று நாட்டார்க்கு நாட்டார் பூசலிட்ட காலமும் இருந்தது. இறுதியில் இருவர் உழைப்பும் மதிக்கப்பெற்றமை அறிவுலகுக்குப் பெருமையாம்.

1889ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் கூடிய மின்னியல் பேரவை, ஆற்றலின் அலகுக்கு ஜூல் எனப் பெயர் சூட்டிற்று. அவ்வாண்டு அக்டோபர்த் திங்கள் 11ஆம் நாள், சேல் என்னும் ஊரில் ஜூல் இயற்கை எய்தினார். அவர் கல்லறையில் 772.55 என்னும் எண் பொறிக்கப்பட்டுள்ளது. மான்செஸ்டர் நகர மன்றத்து வாயிலில் அவர் சிலையும், ஆசிரியர் டால்டன் சிலையும் எதிரெதிரே அமைந்துள்ளன.

கார்க் நகர அவையில் எவரும் செவிசாய்க்காத சொல், இன்று உலகெங்கும் பள்ளிகளில் பாடமாகின்றது. மின்சாரம் அளப்போரும் உணவின் பயனை அளப்போரும் படகுப்பொறி செய்வோரும் அவர் பெயரைச் சொல்லியே கணக்கிடுகின்றனர். பழவேற்காட்டு ஏரியில் கழி ஊன்றுவோர் பாடு, அலையடங்கிய பின்னரும் நீரில் வெப்பமாய் நிற்பதுபோல, நிலவறையில் ஜூல் பட்ட பாடும் வீண்போகாது நிற்கின்றது.